காலையில் ஆறு மணி

முன்னி பேகத்தின் உயிருக்கு அந்த நர்சிங் ஹோம் கவுண்டரில் சொன்ன விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ் எல்லாம் அதற்குள். அவள் வீட்டுக்காரர் பக்ருதீன் எழுநூறுக்குக் கேட்டார்.

கேட்டதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. செங்கம் ரோடு விடுதிகளுக்கெல்லாம் பெட்ஷீட், தலையணை உறை விற்கிறவர் அவர். முதல் விலைக்குத் தலையாட்டிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மனைவிக்குத் தாடை வலி, தோளில் கனம், குப்குப்பென்று வியர்வை. நெஞ்சில் வலி இல்லையே, வாயுதான் என்று அவரே தீர்ப்புச் சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்திருந்தார். வாயுவுக்கு ஆயிரத்து எண்ணூறா?

“ஈசிஜி மட்டுமாச்சும் எடுத்துட்டுப் போங்க பாய். அவங்களுக்கு எப்படி வேர்க்குது பாருங்க,” என்றாள் கவுண்டர் பெண்.

“வெயில்ல வந்தா வேர்க்காதா? கடைசியா எவ்ளோ, அத்தச் சொல்லும்மா.”

“இது இன்னா பெட்ஷீட்டா பாய், கடைசி விலை சொல்றதுக்கு?”

பக்ருதீன் எழுந்துவிட்டார். வியாபாரத்தில் அதுதான் கடைசி ஆயுதம். எழுந்து, மெதுவாக நடந்து, வாசலில் நிதானமாகச் செருப்பைத் தேடினால் பின்னாலிருந்து குரல் வரும். முன்னியை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு இருபது நிமிடம் அந்தக் குரலுக்காக நின்றார்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் எந்திரிச்சுப் போனீங்க,” என்றாள் முன்னி, கண்ணைத் திறக்காமலே. “எங்கப்பா பாவம், கூப்ட்டுட்டாரு. இவங்க கூப்ட மாட்டாங்க. வாங்க, போலாம்.”

வழியில் ஒரு சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கே அழைத்துப் போனார். குடித்த சோடா வாந்தியாக வந்து, அவள் உதடு வெளுத்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்.

அங்கே யாரும் விலை சொல்லவில்லை. அவசரப் பிரிவில் படுக்கவைத்த கையோடு ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் வேதா, அவர் மகள் வயதிருக்கும், தாளை நிமிர்த்திப் பார்த்தாள். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கோடு கூடாரம்போல் தூக்கிக்கொண்டு நின்றது.

“ஹார்ட் அட்டாக் பாய். சுகர் இருக்கா? இருந்தா நெஞ்சு வலி தெரியாமக்கூட வரும். அம்மா, இந்த மாத்திரைய நல்லா மென்னு முழுங்குங்க.” பிறகு அவரிடம் திரும்பினாள். “எப்ப ஆரம்பிச்சுது?”

சுற்றி நாலு பேர் நின்றார்கள். இத்தனை நேரம் இன்னா பண்ணீங்க என்று கேட்பார்களே என்ற பயம் அவர் வாயைத் திறந்தது.

“காலையில ஆறு மணிக்கு.”

“அப்போ நாலரை மணி நேரம். ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போட்டுறலாம். ஏம்மா, ஆறு மணிதானே?”

முன்னி கணவனைப் பார்த்தாள். வியர்வை வழிந்த முகத்தில் கோபம் இல்லை. “அவரு சொன்னா சரிதாங்க,” என்றாள்.

கடன்காரர்கள் முன்னால், சம்பந்தி வீட்டில், எங்கும் அவள் அவரை விட்டுக்கொடுத்ததில்லை. சாகக் கிடக்கும்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்ருதீனுக்குக் காது மடல் சுட்டது.

டாக்டர் ஒரு படிவத்தை நீட்டினாள். “சீக்கிரம் போட்டா பலன் ஜாஸ்தி. பன்னெண்டு மணி நேரம் தாண்டிட்டா பலன் கம்மி, ரத்தம் கசியற ஆபத்துதான் மிஞ்சும். இங்க கையெழுத்துப் போடுங்க.”

நர்ஸ் மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவர் பேனா ‘ப’வைப் போட்டுவிட்டு நின்றது.

“டாக்டரம்மா... ஆறு இல்ல. நேத்து சாயங்காலம் ஏழு.”

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நர்ஸின் கை அப்படியே நின்றது.

“ஏன் பாய் கொறச்சு சொன்னீங்க?”

சொல்ல நல்ல காரணம் ஒன்று தேடினார். “பழக்கம்மா,” என்றார்.

வேதா அவரைத் திட்டவில்லை; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படிவத்தை வாங்கிக் கிழித்தாள், வேலூருக்குப் போன் போட்டாள், ரத்தக்குழாய் அடைப்பை உள்ளே போய்த் திறக்க ஆள் தயாராக இருக்கச் சொன்னாள். பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ் கிளம்பியது.

அடைப்பைத் திறந்துவிட்டார்கள். முன்னி பிழைத்துக்கொண்டாள். மறுநாள் வேலூர் டாக்டர் இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பம்ப் பண்ற சக்தி அறுபது பர்சென்ட் இருக்கணும். இவங்களுக்கு முப்பத்தெட்டு. தசை கொஞ்சம் செத்துப்போச்சு. நேரத்தோட வந்திருக்கலாம்.”

“ஒரு நாப்பத்தஞ்சு... ஆகாதா சார்?”

கேட்டபிறகுதான் தான் கேட்டது அவருக்கு உறைத்தது. டாக்டர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே, “பாக்கலாம்,” என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பக்ருதீன் மனசுக்குள் கணக்குப் போட்டார். வாயு என்று தானே சொல்லி வைத்திருந்தது, பதினாலு மணி நேரம். கூப்பிடுவார்கள் என்று வாசலில் நின்றது, இருபது நிமிடம். சோடாவும் வீடும், ஒரு மணி பத்து நிமிடம். பொய் நின்றது, நாலு நிமிடம். உண்மையைச் சொன்னதை வரவில் வைக்கலாமா என்று யோசித்தார். அது அவளிடமிருந்து எடுத்ததைத் திருப்பி வைத்தது, வரவாகாது. ஆக மொத்தம் பதினைந்து மணி முப்பத்து நாலு நிமிடம். அறுபதில் முப்பத்தெட்டு போக, அவர் பேரில் பாக்கி இருபத்திரண்டு.