ஒற்றை மைக்

தன்னுடைய வாசிப்பை ஒரு பாட்டிலிருந்து வழித்தெடுத்துவிட்டார்கள் என்பது நோரீன் ஹேக்கட்டுக்கு ஒரு பெட்ரோல் பங்கில்தான் தெரிந்தது. பதினோரு வருஷம் ஆகிறது. வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. நடுவில் வரும் மேண்டலின், ஆஸ்திரேலியாவின் டாம்வொர்த்தில் ஒரு மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு அவள் கட்டியது, இம்மி பிசகாமல் அப்படியே வந்தது. விரல் மட்டும் வேறு ஆளுடையது. அமெரிக்காவிலிருந்து எவனோ பெரிய புள்ளி, அவள் வாசித்ததைக் கேட்டு அச்சடித்ததுபோல வாசித்து அனுப்பியிருந்தான். இசைத்தட்டு உறையிலும் அவன் பெயர்தான். அந்த வருஷ டாம்வொர்த் இசைத் திருவிழாவில், பீல் தெருவில் ஒரு குடிகாரன் அவளை நிறுத்தி, "நீயும் அந்தாளு மாதிரி வாசிக்கக் கத்துக்கோம்மா" என்று புத்தி வேறு சொன்னான்.

அந்த அவமானம் ஆறவில்லை. ஆறவும் அவள் விடவில்லை.

மேண்டலின், பிடில், கிட்டார் என்று நரம்பு கட்டிய எதையும் வாசிப்பாள். முப்பது வருஷமாக அடுத்தவர் பாட்டுக்கு வாசித்தே பிழைப்பு. அவள் வாசிப்பு ஊரெல்லாம் தெரியும், அவளைத் தெரியாது. அதனால் தயாரிப்பாளர் கிராண்ட் லேவரி போன் பண்ணி, டீகன் பர்ட்டில்ஸ் என்கிற புதுப் பாடகிக்கு மேண்டலின் வாசிக்கக் கூப்பிட்டபோது, நோரீன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரே மைக். நட்டநடுவுல. கண்ணாடிக் கூண்டு கிடையாது, காதுல எதையும் மாட்ட மாட்டேன். சரின்னா வர்றேன்."

"அட, அந்தக் காலத்து பாணி! விளம்பரத்துலயே போட்டுக்கலாம் போல," என்று கிராண்ட் குஷியாகிவிட்டான்.

போட்டுக்கொள்ளட்டும். கூண்டு கூண்டாக உட்கார்ந்து வாசித்தால் அவரவர் சத்தம் தனித்தனியாகக் கிடக்கும். வேண்டாதவரைத் தூக்கி வெளியே போடுவது ஒரு நிமிஷ வேலை. ஒற்றை மைக்கில் அந்தப் பாச்சா பலிக்காது. குரல், பாஞ்சோ, மேண்டலின், பாஸ் எல்லாம் பிசைந்த மாவாகிவிடும். ஒருத்தியை எடுக்க வேண்டுமானால் அத்தனை பேரையும் எடுக்க வேண்டும். மேடையில் புளூகிராஸ் என்கிற நாட்டுப்புற இசைக்காரர்கள் என்றைக்கும் இப்படித்தான் நிற்பார்கள் என்பதால், யாருக்கும் துளி சந்தேகம் வரவில்லை.

கிராண்டின் ஸ்டுடியோ, ஆட்டுக் கம்பளி சேர்த்துவைத்த ஒரு பழைய கொட்டகை. ஜனவரிக் கோடை வெயிலில் தகரம் கொதித்தது. பாடகி, மேண்டலின், பாஞ்சோ, பாஸ் என நான்கு பேரும் மைக்கைச் சுற்றி நின்றார்கள். பாடும்போது டீகன் முன்னால் வருவாள், மற்றவர்கள் அரையடி பின்வாங்குவார்கள். பாஞ்சோவின் முறை வந்தால் கோல் மட்ஜ் தொந்தியோடு உள்ளே நுழைவார். அவர் முட்டாமல் மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கால்தான்.

வறட்சியில் தன் அப்பா கடைசி மாடுகளை விற்ற நாளைப் பற்றி டீகன் தானே எழுதிய பாட்டு. மூன்றாவது தடவை பாடும்போது, லாரி கிளம்புகிற வரியில் அவள் குரல் உடைந்தது. உடைந்தவள் நிறுத்தவில்லை, மேடைப் பழக்கத்தில், "வா நோரீன்!" என்று கத்திவிட்டுப் பின்னால் போனாள். நோரீன் குனிந்து உள்ளே புகுந்து பதினாறு தாள அளவும் வெளுத்து வாங்கினாள். முடிந்ததும் கோல், "நோர், இப்ப யாராவது ஒரு மீட் பை வாங்கிக் குடுத்தாத்தான் நான் அழாம இருப்பேன்," என்றார்.

பத்து நாள் கழித்து கிராண்ட் கூப்பிட்டான்.

"நோரீன், ஒரு சின்னச் சிக்கல்."

'சின்ன' என்று எவன் ஆரம்பித்தாலும் பெரிதாகத்தான் முடியும். இசைத்தட்டுக் கம்பெனிக்கு, மேண்டலின் வாசிக்க அமெரிக்காவின் நாஷ்வில்லிலிருந்து ஒரு பெரிய பெயர் வேண்டுமாம். அவள் வாசிப்பை மட்டும் கிராண்ட் அழிக்கப் பார்த்திருக்கிறான். டீகன் குரலும் சேர்ந்து போகிறதாம். ஆகவே எல்லோரும் கூண்டுக்குள் உட்கார்ந்து மறுபடி பதிவு செய்யப் போகிறார்கள். "நீங்க வந்து அந்தப் பதினாறு அளவையும் நிதானமா வாசிச்சுக் குடுத்துட்டீங்கன்னா, அந்த நாஷ்வில்காரர் அதைக் கேட்டு..."

"வர்றேன்," என்றாள் நோரீன்.

மேண்டலினைக் கொண்டுபோகவில்லை. வெறுங்கையோடு கொட்டகைக்குள் நுழைந்தாள். டீகன், கோல், பாஸ் வாசிக்கும் வெஸ் எல்லோரும் இருந்தார்கள்.

"எங்க மேண்டலின்?" என்றான் கிராண்ட்.

"வீட்டுல தூங்குது. ஒரு தடவை என்னைத் தொடைச்சுப் போட்டானுங்க. ரெண்டாவது தடவை தொடைக்கிறதுக்கு நானே துணி எடுத்துட்டு வரணுமா?"

கிராண்டுக்கு மெதுவாக உறைத்தது. "ஒத்த மைக்கு... வேணும்னேதான் சொன்னீங்களா?"

"வேணும்னேதான். நல்லா யோசிச்சு, திட்டம் போட்டு."

கோல் வாய்விட்டுச் சிரித்தார். நோரீனுக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள். ஆனால் டீகன் சிரிக்கவில்லை.

"அப்போ என் பாட்டு உங்களுக்குப் பூட்டா?" என்றாள். முகம் சிவந்திருந்தது. "எங்கப்பாவைப் பத்தின பாட்டு அது. சுத்தி நின்னு சேர்ந்து வாசிக்கணும்னு ஆசையா சொல்றீங்கன்னு நம்பினேன்."

நோரீனுக்கு அது சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் அவள் தலை குனியவில்லை. "ஆசையும் இருந்துச்சு. பயமும் இருந்துச்சு. ரெண்டும் பொய் இல்ல," என்றாள்.

டீகன் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோலும் வெஸும் முணுமுணுத்தபடி அவரவர் கூண்டுக்குப் போனார்கள். நோரீன் வெளியே போயிருக்கலாம். போகவில்லை. கிராண்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளை அழிப்பதென்றால் அவள் கண் முன்னால் அழிக்கட்டும்.

டீகன் பாடினாள். ஒரு பிசிறு இல்லை. லாரி கிளம்பும் வரியில் குரல் உடையவும் இல்லை. மேண்டலினுக்கான இடம் வந்தது. யாரையும் கூப்பிடாமல் டீகன் வாயை மூடிக்கொண்டாள். பாஸும் பாஞ்சோவும் மட்டும் பதினாறு அளவும் தாளத்தை இழுத்துக்கொண்டு போயின. வழக்கமாக அந்த மாதிரிக் காலி இடம் கிடைத்தால் கோல் புகுந்து விளையாடிவிடுவார். அன்று ஒரு சுரம் கூட்டி வாசிக்கவில்லை.

"அருமை! இதுதான் வேணும்," என்றான் கிராண்ட்.

டீகன் வெளியே வந்தாள். "ரெண்டையும் போடு."

போட்டான். புதியதை முதலில். பிறகு பழையதை. பழையதில் லாரி கிளம்பியபோது டீகன் கண்ணை மூடிக்கொண்டாள். மேண்டலின் முடியும்வரை திறக்கவில்லை.

"பழசுதான்," என்றாள்.

"டீகன், கம்பெனி ஒத்துக்காது."

"பாட்டு எழுதினது நான். ஒத்துக்கலைன்னா வேற கம்பெனி பார்க்கறேன்."

கிராண்ட் தலையைச் சொறிந்தான். "சரி, அந்த 'வா நோரீன்'ஐயாவது வெட்டிடலாமா? யாரு நோரீன்னு கேப்பாங்க."

"வெட்டிப் பாரு," என்றார் கூண்டிலிருந்து வெளியே வந்த கோல். "அதுக்கு அடியில என் பாஞ்சோ ஓடுது. என் பாஞ்சோவுல கை வெச்சே, உன் கொட்டகைத் தகரத்தைப் பிரிச்சுட்டுப் போயிடுவேன்."

"கேக்கட்டும். கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்," என்றாள் டீகன்.

ஜெயித்தாயிற்று. நோரீன் எழுந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். எதிர்பார்த்த சந்தோஷத்தில் பாதிதான் வந்தது. வண்டிக் கதவைத் திறக்கும்போது டீகன் பின்னாலேயே வந்து நின்றாள்.

"உங்களை நான் மன்னிக்கல."

"நான் மன்னிப்பு கேக்கவே இல்லையே."

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

டீகன் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "மாட்டேன்."

"அதான்."

வெயில் மண்டையைப் பிளந்தது.

"சனிக்கிழமை ஆர்மிடேல்ல நிகழ்ச்சி," என்றாள் டீகன் கடைசியில். "நாலு மணிக்கு வந்துடுங்க. அப்பவும் நான் கோபமாத்தான் இருப்பேன்."

"இருந்துட்டுப் போ. நானும் இருக்கேன்," என்று நோரீன் வண்டியைக் கிளப்பினாள். "கோபமா இருக்கறவங்க சேர்ந்து வாசிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"