கறுப்புத் திரையும் தொன்ச்சோவின் சாவுக் காகிதமும்

காலை எட்டு மணிக்கு அச்சுக்கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்ட நெவேனாவின் வாயில் முதலில் வந்தது ஒரு கெட்ட வார்த்தை. இரண்டாவதாக வந்ததும் அதேதான். தினமும் பூனைப் படமும் அதன் கீழே தன் பெயரும் வந்து நிற்கிற திரையில் இன்று கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. மேல் மூலையில் ஒரே ஒரு வரி வெள்ளை எழுத்து. அதன் நுனியில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

இது யார் வேலை என்று யோசிக்கவே தேவையில்லை. லூபென். நான்கு வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து வாங்கிக்கொண்டு போன புருஷன். வீட்டை விட்டுப் போனவன் இந்தக் கம்ப்யூட்டரை விட்டுப் போனானா என்றால், அதுதான் இல்லை. ஊருக்கே அவன் ஒருத்தனுக்குத்தான் லினக்ஸ் என்கிற இயங்குதளம் தெரியும். அதை இதில் ஏற்றி வைத்ததும் அவன்தான். அதனால் மெஷின் மக்கர் செய்யும்போதெல்லாம் மாஜிப் புருஷனைக் கூப்பிட வேண்டிய தலையெழுத்து அவளுக்கு. நேற்று மாலை வந்தவன், படம் வருகிற இடத்தில்தான் இது ஓடாமல் நின்றுவிடுகிறது, படமே இல்லாமல் வெறும் எழுத்தில் ஆரம்பிக்கும்படி மாற்றி வைத்துவிட்டு உள்ளே என்னவென்று பார்க்கிறேன் என்று எதையோ நீக்கினான். நீக்கியதற்குப் பதில் புதியதைப் போடுவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினான்.

மனசாரத் திட்டவும் முடியவில்லை. போன் வந்தது அவன் அப்பாவைப் பற்றி. இன்று விடிகாலையில் மாட்டு வைத்தியர் தொன்ச்சோ கண்ணை மூடிவிட்டார்.

அடக்கம் நாளைக் காலை பதினொரு மணிக்கு. அந்த மலையூரில் ஒருவர் செத்துப்போனால் மட்டும் போதாது. காகிதம் ஒட்டினால்தான் அது சாவு. கறுப்புக் கரை போட்டு, போட்டோ வைத்து, துக்கப்படுகிறவர்கள் யார் யார் என்று கீழே பெயர் போட்டு, கதவிலும் மின்கம்பத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்ட வேண்டும். காகிதம் வராத சாவுக்குப் போவது கூப்பிடாத விருந்துக்குப் போவது மாதிரி. மலைமேல் இருக்கிற மேலூர்களுக்கு ஒரே பஸ்தான். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும், மறுநாள் காலையில்தான் திரும்பி இறங்கும். ஓட்டுநர் ஸ்பாஸ் கையில் அதற்குள் காகிதம் போய்விட வேண்டும். விட்டால் அடுத்த நடை நாளை மத்தியானம், எல்லாம் முடிந்த பிறகு.

நாற்பத்தோரு வருஷம் அந்த மேலூர்த் தொழுவங்களில் கன்று இழுத்துப் போட்ட மனுஷன் தொன்ச்சோ. போன வாரம், லூபெனும் அவன் புது மனைவி ருமியானாவும் வராத ஒரு மத்தியான நேரமாகப் பார்த்து நெவேனா ஆஸ்பத்திரிக்குச் சூப் கொண்டுபோனபோது, "மேலூர்க்காரங்க வராம என்னைப் பொதைச்சிடாதீங்கம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதற்கு மேல் அவருக்காக அவள் செய்ய வேறென்ன இருக்கிறது? சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற உரிமை விவாகரத்துக் காகிதத்தோடு போய்விட்டது. நாளைக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில், ஊர்க்காரர்களோடு ஊர்க்காரியாக நின்றுவிட்டு வர வேண்டியதுதான். காகிதமாவது என் கையால் போகட்டும் என்றிருந்தாள். அதிலும் மண்.

போனில் லூபென் கிடைக்க ஒன்பதரை ஆனது. மாவட்ட ஆஸ்பத்திரியில் அப்பாவின் உடலை வாங்கக் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் என்று சொன்னதும் அந்தக் குரலுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது. அது கெட்டுப்போகவில்லையாம். கறுப்புத் திரைதான் கம்ப்யூட்டரின் நிஜ முகமாம். படமெல்லாம் வெறும் பவுடர் பூச்சாம்.

"எனக்குப் பவுடர் பூசின மூஞ்சிதான் வேணும்," என்றாள் நெவேனா. "உன் தத்துவத்தை அப்புறம் பேசு. இது என்னமோ பேர் கேக்குது. என் பேரைப் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது."

பூனைப் படத்துக்குக் கீழே தெரிகிற பெயர் வேறு, உள்ளே பதிந்த பெயர் வேறு என்று இழுத்தான். உள்ளே என்னதான் பெயர் என்று அவள் இரண்டு தடவை கேட்ட பிறகு, "கோழிக்குஞ்சு" என்றான். கல்யாணமான புதிதில் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். இத்தனை வருஷமாகத் தினமும் காலையில் அந்தப் பெயரில்தான் உள்ளே போய் வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

அடுத்து ரகசியச் சொல். விசையைத் தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகையும் செத்துவிட்டது என்று நினைத்துக் கழற்றி மாட்டினாள், தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள், ரொட்டித் தூள்தான் கொட்டியது. எழுத்துத் திரையில் ரகசியச் சொல் அடிப்பது கண்ணுக்குத் தெரியாது, நம்பி அடித்துவிட்டு என்டர் தட்ட வேண்டும் என்று அவன் சாவகாசமாகச் சொன்னான். உன்னை நம்பித்தான் நான் இந்தக் கதிக்கு வந்தேன் என்று இவள் பதில் சொன்னாள். மூன்றாவது தடவை உள்ளே விட்டது.

படத்தைக் கொண்டுவருகிற கட்டளையை அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். அடித்தாள். திரை ஒரு முறை வெட்டியது, மறுபடியும் கறுப்பு. இன்னொரு முறை, மறுபடியும் கறுப்பு. நேற்று பழையதை நீக்கிவிட்டேன், புதியதைப் போடவில்லை, நான் வந்தால்தான் ஆகும் என்று ஒப்புக்கொண்டான். அவன் வந்து சேர மத்தியானம் மூன்று மணியாகும். நூலகத்துக் கம்ப்யூட்டர் திங்கள்கிழமை திறக்காது. வேறு அச்சுக்கடைக்குப் போக நாற்பது கிலோமீட்டர். மணி பத்தே முக்கால்.

அவனே வழியும் சொன்னான். படமில்லாமலேயே அச்சடிக்கலாமாம். போட்டோ வேண்டாம், கரை வேண்டாம், நான்கு வரி வெறும் எழுத்தாக அடித்துப் பிரின்டருக்கு அனுப்பிவிடு என்றான். நெவேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொன்ச்சோவின் சாவு என்ன, மாட்டுச் சந்தை தேதி மாறின அறிவிப்பா? நாற்பத்தோரு வருஷம் பார்த்த முகம் இல்லாமல் மேலூர்க்காரன் அந்தக் காகிதத்தைத் திரும்பிப் பார்ப்பானா?

சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னாள்.

"தயாரா ஒண்ணு இருக்கு. உங்கப்பாவே வந்து பண்ணி வச்சுட்டுப் போனாரு. போன வருஷம்."

ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. உயிரோடு இருக்கும்போதே கல்லறைக் கல்லில் பெயரை வெட்டி வைக்கிறவர்கள்தானே. தொன்ச்சோ தனக்குப் பிடித்த போட்டோவோடு வந்தார். கன்றுக்குட்டி பக்கத்தில் நிற்கிற போட்டோ, கன்றை வெட்டக் கூடாது என்றார். வயசு, தேதி, நேரத்துக்கு மட்டும் இடம் விடு, பேனாவால் எழுதிக்கொள் என்றார். துக்கப்படுகிறவர்கள் என்ற இடத்தில் அவர் சொல்லச் சொல்ல அடித்தவள் கையை நிறுத்திவிட்டாள். மாமா, நான் இப்போது மருமகள் இல்லையே என்றாள்.

"விவாகரத்துப் பண்ணினது அவன்," என்றார் கிழவர். "நான் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடலையே. அடிம்மா."

அடித்தாள். காலம் வரும்போது சத்தமில்லாமல் தன் பெயரை எடுத்துவிட்டு ருமியானா பெயரைப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்றுதான் வைத்திருந்தாள். இந்த இழவெடுத்த கறுப்புத் திரையில் எடுக்கவும் முடியாது, போடவும் முடியாது. இருப்பதை இருக்கிறபடி அச்சடிக்க மட்டும்தான் வழி. அதையும் அவனிடம் சொன்னாள்.

லூபென் அச்சடிக்கிற கட்டளையைச் சொல்லிக்கொடுத்தான். பிறகு, அந்தக் காகிதத்தின் பெயரில் முதல் மூன்று எழுத்தை அடித்து டேப் விசையைத் தட்டு, மீதியை அதுவே போட்டுக்கொள்ளும் என்றான். அது போட்டுக்கொண்டது. பிரின்டரிலிருந்து வந்தது மில்காரர் தொன்ச்சோவின் நாலாம் வருஷ நினைவுக் காகிதம். இந்த ஊரில் செத்தவர்களுக்கு நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷா வருஷம் என்று காகிதம் ஓய்வதே இல்லை. உள்ளே எத்தனை தொன்ச்சோக்களோ. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. முழுப் பட்டியலையும் திரையில் வரவைத்து, விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டாவது தடவை அனுப்பினாள்.

வந்துவிட்டார். சிரிக்கிற கிழவர், பக்கத்தில் கன்றுக்குட்டி, சுற்றிக் கறுப்புக் கரை. கீழே, மகன் லூபென், மருமகள் நெவேனா, மேலூர்க்காரர்கள் எல்லாரும். மணி பதினொன்று பத்து.

நாற்பது பிரதி அனுப்பிவிட்டுப் பேனாவை எடுத்தாள். அப்போதுதான் லூபென் தயங்கித் தயங்கிச் சொன்னான், தேதி எழுதும்போதே அந்த ஒரு பெயரையும் மை வைத்து அடித்துவிடேன், ருமியானாவுக்குச் சங்கடம், ஊர் சிரிக்கும் என்று. அவன் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் வலித்தது. நெவேனா தடித்த கறுப்பு மார்க்கரின் மூடியைத் திறந்தாள். முதல் காகிதத்தில் தன் பெயர்மேல் கை வைத்தபோது போனில் வேறு குரல் கேட்டது.

"அக்கா, நான் ருமியானா. பக்கத்துலதான் இருக்கேன், எல்லாம் கேட்டுச்சு. அடிக்காதீங்க."

நெவேனா அவளோடு இதுவரை நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"சாவுக் காகிதத்துல பேரை அடிச்சா அந்த ஆளும் கூடவே செத்த மாதிரி இருக்கும்," என்றாள் ருமியானா. "ரெண்டு வருஷமா தினம் காபி போட்டுக் குடுத்தேன். நல்லாருக்குன்னு சொல்வாரு. ஒரு நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அவர் மனசுல மருமக யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"உன் பேர் இல்லாமப் போகுதேம்மா."

"எம் பேரு வீட்டுக் கதவுல இருக்கு, போதும். ஆனா ஒண்ணு. காகிதத்துல பேர் இருக்கறவங்க பெட்டிக்குப் பக்கத்துல நிக்கணும். நாளைக்கு நீங்க வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டா ஊரு என்னைத்தான் கேக்கும். என் பக்கத்துல வந்து நில்லுங்க."

நெவேனா மார்க்கரை மூடினாள். போனை வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். எண்பத்து மூன்று வயது, செவ்வாய், காலை பதினொரு மணி. மறுபடி எண்பத்து மூன்று, செவ்வாய், பதினொரு மணி. நாற்பது தடவை எழுதி முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிட்டது.

காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஓடிவந்தபோது பஸ் உறுமிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமா, மலை ஏற வேண்டாமா என்று ஸ்பாஸ் ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டான். காகிதத்தை வாங்கி, போட்டோவைப் பார்த்தான். எஞ்சினை அணைத்தான். கடைசி வரி வரைக்கும் உதடு அசையப் படித்தான். பிறகு படியிறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். துக்க வீட்டுக்காரர்களின் கையைத்தான் அப்படிப் பிடித்து, அந்த ஊர் வழக்கப்படி இதைச் சொல்வார்கள்.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும். மனசைத் தேத்திக்கம்மா."

காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது, நடுத்தெருவில், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பார்க்க. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"எல்லாரையும் கூட்டிட்டு வாங்க ஸ்பாஸ்," என்றாள். "பதினொரு மணிக்கு. பெட்டிகிட்ட நாங்க நிப்போம்."