காவலாளிக்கு ஒரு பெயர்

எங்கள் டி.வி. தொடரில் யாரைச் சாகடித்தாலும் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். சாவுக்கூட செட் போடுவது நான்தானே. இந்த முறை யாவ்-கை அண்ணன் என்றதும் கதைத் தாளைத் தூக்கி எறிந்தேன்.

பதினோரு வருடமாக அவர் அதில் அடுக்குமாடிக் காவலாளி. வாரத்தில் இரண்டு நாள் வருவார். இரும்புக் கதவைத் திறந்து, "மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துட்டுப் போங்க" என்பார். அவ்வளவுதான் வசனம். மோங்காக் சந்தையில் அவரைப் பார்த்தால் காய்கறிக்காரிகள் "வாட்ச்மேன் மாமா" என்று கூப்பிட்டு ஒரு கொத்து வெங்காயத்தாள் கூடுதலாகப் போடுவார்கள். அந்தக் காவலாளிக்கு என்ன பெயர் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது, எழுதினவனுக்கும் தெரியாது.

கூடத்தில் வைக்கும் சாவுப் புகைப்படம் எடுக்க என் அறைக்கு வந்தார். வழக்கப்படி காசு வைத்த சிவப்பு உறையைக் கையில் கொடுத்தேன். சாவுப் படத்துக்கு முகம் கொடுத்தவரைப் பீடை தொடராமல் இருக்கக் கொடுப்பது. கூடத்தைப் படம்பிடிக்கும் நாளில் அவர் அந்தப் பக்கமே வரக்கூடாது என்பதும் வழக்கம்.

"படத்துக்கு மேல என்ன பேர் எழுதப் போற, குவென்?"

"தாள்ல 'காவலாளி'ன்னுதான் இருக்கு. மாக்கைக் கேட்டேன். 'ஏதாவது கிறுக்கு, கேமரா அங்க போகாது'ன்னுட்டான்."

மாக் எங்கள் தயாரிப்பாளர். பேச்சு அப்படித்தான் இருக்கும்.

"பூன் சுய்-சாங்னு எழுது."

"அது யாரு?"

"அவன்தான். தொய்சான் ஊர்க்காரன். கால்ல ஆணி. பொண்டாட்டி கெடையாது, அக்கா ஒருத்தி இருந்தா, போயிட்டா. ஊறுகாய் போட்ட கடுகுக்கீரை இல்லாம சோறு எறங்காது."

"இதெல்லாம் யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் குடுக்கல. பதினோரு வருஷமா ஒருத்தன் கதவத் திறந்துவிட்டுகிட்டு நிக்கறான். அவனுக்கு ஒண்ணுமே இல்லாம இருக்குமா?"

"உங்களுக்குச் சம்பளம் ஒரு வசனத்துக்குத்தான், தெரியுமில்ல?" என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"அழறதுக்கு யாராவது வர்றாங்களா?"

"கதாநாயகியே வர்றா. ரெண்டு பக்கம் அழுகை."

"அப்ப சரி. யாருமில்லாம போயிடக் கூடாது, குவென். அது மட்டும்தான்" என்றார்.

படப்பிடிப்பு நாளன்று கதாநாயகி வரவில்லை. மக்காவ் நகரத்தில் ஏதோ விளம்பரப் படப்பிடிப்பு. மாக் இரண்டு பக்கத்தையும் பேனாவால் அடித்தான்.

"படத்தை மட்டும் அஞ்சு செகண்ட் காட்டிடுவோம். போதும்."

"தொடர்ல நாய்க்குட்டி செத்தப்ப ஒரு வாரம் அழ வெச்சியேடா!"

"அக்கா, நாய்க்கு ரசிகருங்க ஜாஸ்தி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வெள்ளைத் துணி, மலர்வளையம், பெரிய எழுத்தில் நான் எழுதிய பெயர், எல்லாம் தயாராக இருந்தது. வந்தவர்களைக் கும்பிட வைத்துக் குரல் கொடுக்கும் துணைநடிகர்கூடத் தன் இடத்தில் நின்றார். கும்பிடத்தான் ஆளில்லை.

கேமரா ஓட ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒருவர் நடந்து வந்தார். கறுப்புக் கோட்டு. யாவ்-கை அண்ணன்.

மாக் பதறிவிட்டான். "அண்ணே! உங்க படத்துக்கு முன்னாடி நீங்களே நிக்கறீங்களே! வெளிய போங்க, கெட்டது வந்து சேரும்!"

"அவனுக்கு வேற யாரு இருக்கா, மாக்?" என்றார் திரும்பாமலே.

யாரும் கேமராவை நிறுத்தவில்லை. துணைநடிகருக்குப் பழக்கதோஷம், குரல் கொடுத்துவிட்டார்.

"முதல் வணக்கம்."

அண்ணன் குனிந்தார். இரண்டாவது. மூன்றாவது முறை நிமிர அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"குடும்பத்தார் பதில் வணக்கம்."

குடும்பத்தார் நிற்கும் இடப்பக்கம் காலியாக இருந்தது. வந்தவர் கும்பிட்டால் வீட்டார் திரும்பக் கும்பிட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் வந்தவர் எப்படி நகருவார்? அண்ணன் அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடியே நின்றார்.

கையிலிருந்த ஒட்டுநாடாவைக் கீழே போட்டுவிட்டுப் போய் அங்கே நின்றேன். குனிந்து கும்பிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, செத்த வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலவே சொன்னார்.

"மனசத் தேத்திக்கம்மா. நல்ல மனுஷன்."

நான் வாய்விட்டு அழுதேன்.