விசாலாட்சியின் வசவுப் பட்டியல்

விசாலாட்சியின் கழுத்துக் கட்டியை முதலில் பார்த்தபோது சென்னை டாக்டர் கத்தியைத் தொடவே மறுத்துவிட்டார். தைராய்டு புற்றுநோய். மூச்சுக்குழாயோடும் குரல் நரம்போடும் ஒட்டிக்கிடந்தது. மரபணுச் சோதனை செய்து, அந்த நோயை மட்டும் குறிபார்த்துத் தாக்கும் மாத்திரையை எழுதிக்கொடுத்தார். கட்டி சுருங்கட்டும், அப்புறம் அறுக்கலாம் என்றார்.

கடல் தாண்டித் தீவிலிருக்கும் தன் ஊர் பத்துபஸ்திக்குத் திரும்பி மூன்று மாதம் விழுங்கினாள். கட்டி சுருங்கியது. கம்மிக் கிடந்த குரலும் திரும்பியது. எட்டு வீட்டுக்குக் கேட்கும் குரல் அது. அவள் கணவர் பாலசுப்பிரமணியம், ஹேடோ துறைமுக அலுவலக குமாஸ்தா, சந்தோஷத்தில் தெருவுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். பாவம், அவசரப்பட்டுவிட்டார்.

ஆபரேஷனுக்குப் போனில் தேதி சொன்ன சென்னை டாக்டர், நரம்பைக் காப்பாற்றப் பார்ப்போம், ஆனால் குரலுக்கு உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னார். விசாலாட்சி பேனாவும் தாளும் எடுத்தாள். குரல் போவதற்குள் யாரையெல்லாம் திட்ட வேண்டியிருக்கிறது என்று எழுத உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் மாட்டியவர் குழாய்த் தண்ணீர் திறந்துவிடும் வங்காளி. இந்தியில் ஆரம்பித்தவள், அது போதாமல் திருநெல்வேலித் தமிழுக்குத் தாவினாள். அந்த மனிதருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் மறுமுறை தண்ணீர் சரியான நேரத்துக்கு வந்தது.

அடுத்து, தோப்பின் நல்ல தேங்காயையெல்லாம் கப்பலில் மெயின்லேண்டுக்கு ஏற்றிவிட்டு அக்காவுக்குச் சொத்தையைத் தரும் தம்பி உதயசூரியன். போனில் ஒரு மணி நேரம். பெரார்கஞ்சிலிருந்து அடுத்த பஸ்ஸிலேயே தேங்காய் மூட்டையோடு வந்து, "இன்னும் திட்டு இருக்காக்கா?" என்றான்.

"உக்காருல," என்றாள்.

கட்டியை வெறும் வாய்வு என்று சொல்லிக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு உமா மகேஸ்வரி, திட்டு வாங்கி அழுதாள். விசாலாட்சியும் அழுதாள். இருவருமாகக் காபி குடித்தார்கள்.

பாலசுப்பிரமணியம் தன் முறைக்குக் காத்திருந்தார். இந்தக் கப்பல் போகட்டும், அடுத்த கப்பல் வரட்டும் என்று சென்னைப் பயணத்தை எட்டு மாதம் தள்ளிப்போட்டவர் அவர்தான். திருட்டுத்தனமாகப் பட்டியலைப் பார்த்தார். அவர் பெயரே இல்லை. திட்டக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டோமா, இல்லை, தான் திரும்பி வரப்போவதில்லை என்று நினைத்து மன்னித்து விட்டுவைத்தாளா?

கிளம்பும் அன்று பெட்டி கட்டும்போது கேட்டேவிட்டார். "என்னைய மட்டும் ஒண்ணும் சொல்லலியே, விசாலம்."

"ஒங்களத் திட்ட இந்தக் கொஞ்ச நாளு எப்படிப் பத்தும்? ஆபரேசன் முடிஞ்சு வந்து நிதானமாப் பேசுதேன்."

"கொரல் வரலைன்னா?"

அவள் புடவையை மடித்து வைத்தாள். "எழுதித் தாரேன். எட்டு வீட்டுக்கும் கேக்குறாப்புல நீங்களே வாசிக்கணும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பூட்டினார். இவள் திரும்பி வந்துவிடுவாள் என்று அப்போதுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது.