சக்குபள்ளத்து அபிப்பிராயங்கள்

கேரளத்து ஏலமலையில், சக்குபள்ளம் வாயனசாலை எனும் ஊர் நூலகத்தில் இருந்த துப்பறியும் நாவலில் கொலைகாரன் மாறிப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் இடையில். முதலில் படித்தவர் ரத்தினசாமி, ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். பத்தாம் பக்கத்திலேயே சமையல்காரன்தான் கொன்றான் என்று கண்டுபிடித்துவிட்டதாகவும், இதற்கு ஒரு போலீஸ்காரன் வேறு தேவையா என்றும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து எடுத்துப்போன வினோ படித்தபோது, கொலை நடந்த அன்று சமையல்காரன் லீவில் சொந்த ஊருக்குப் போயிருந்தான், கொன்றது டாக்டர். இருவரும் டீக்கடையில் இதைப் பற்றிச் சத்தம் போட்டு, புத்தகத்தைக் கொண்டுவரச் செய்து, விரித்துப் பார்த்து, அச்சிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று கண்டு, மிச்ச டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

இதற்கெல்லாம் காரணம் சிஞ்சு என்று சொல்ல முடியாது. வாயனசாலைக்குப் பொறுப்பாக வந்த மலையாளத்துப் பெண் அவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. தமிழ் அலமாரியில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழியில்லாததால், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை உரக்கச் சொல்ல வேண்டும் என்று வழக்கம் வைத்தாள். "அபிப்ராயம் பறயாம அடுத்த புஸ்தகம் இல்ல," என்று மேசையில் தட்டுவாள். ஜனங்களும் சொன்னார்கள். அலமாரியில் இருந்தவையும் கேட்டுக்கொண்டிருந்தன என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆடு வளர்ப்பு நூலைப் படித்த ஒருவர், நம் ஊர் ஆடு வேலிமசால் தழையை மோந்துகூடப் பார்க்காது என்றார். அடுத்த வாரம் அந்த அத்தியாயம் முழுக்கப் பலா இலை. சமையல் புத்தகத்தில் உப்பு தூக்கல் என்று தோட்டத் தொழிலாளி மாரீஸ்வரி சொன்னதிலிருந்து, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் ஆறு மாதம் சப்பென்று சாப்பிட்டார்கள். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்ற தடித்த புத்தகத்தை, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்று வினோ வைதான். அது சுருங்கிச் சுருங்கி நான்கு பக்கமாகி, காற்றில் பறந்துவிடாமலிருக்க சிஞ்சு அதன்மேல் கல் வைத்தாள். கவிதைத் தொகுப்பின் நிலைமைதான் பாவம். ஒருவர் புரியவில்லை என்பார், மறுவாரம் அது குழந்தைப் பாட்டு மாதிரி ஆகிவிடும்; இன்னொருவர் இதென்ன குழந்தைப் பாட்டு என்பார், அது மறுபடி இருண்டுவிடும். பாராட்டும் ஆகாது என்று தெரிந்தது ஒரு காதல் நாவலால்தான். அதை எல்லோரும் ஆஹா என்றார்கள், அது கர்வம் பிடித்து இருபது பக்கம் சூரிய அஸ்தமனத்தைச் சேர்த்துக்கொண்டது. ஏலத்தில் காய் விலை ஏறுகிறது, இறங்குகிறது, யார் ஏற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதுபோலவே இதையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனந்தி மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்து நான்கு வயது, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள், ஜீப் ஓட்டும் அண்ணன் ஜெகனோடு லயத்தில் இருப்பவள். உட்கார்ந்து படிக்க அவளால் முடியாது. புத்தகத்தைப் பிடித்தபடி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். சிமென்ட் தரையில் அவள் நடந்த இடம் பள்ளமாகி மழைத்தண்ணீர் தேங்கியது. குமுளி பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று முறை பையோடு போயிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கம்பம் பஸ் கிளம்பி, அடுத்த பஸ்ஸும் கிளம்பி, அவள் கடலை வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். எங்கே போக வேண்டும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. போக வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

அவளிடம் எட்டு மாதமாக ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருந்தது. கடல் உறைந்துபோகும் ஏதோ வடக்கத்தி தேசத்துக் கதை. மீனுக்கு உப்பு போடும் கொட்டகையில் வேலை செய்யும் ரூனா என்ற பெண், பனி உடையும் காலத்தில், கடைசி அத்தியாயத்தில், தாயைக் கரையில் நிறுத்திவிட்டுப் படகேறிப் போய்விடுகிறாள். போன இடம் புத்தகத்தில் இல்லை. அந்த ஏழு பக்கத்தை ஆனந்தி காலையிலும் மாலையிலும் படித்தாள். தன்னால் ஏற முடியாத வண்டியில் ஒருத்தி தினமும் ஏறிக்கொண்டிருக்கிறாள் என்பதே அவளைத் தாங்கியது. அதன்மேல் யாருடைய வாயும் படக்கூடாது என்பதற்காக, சிஞ்சு கேட்கும்போதெல்லாம் இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லிவந்தாள். நல்ல புத்தகம் என்றுகூட அவள் சொல்லத் துணியவில்லை.

கெடுத்துக்கொண்டது அவளேதான். காய் எடுக்கும்போது கை செடியின் தூரில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். பெண்கள் அவளைக் கதை சொல்லச் சொல்வார்கள். ஐப்பசி மழையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு குனிந்திருந்த ஒரு நாள், வேறு கதை எதுவும் மிச்சமில்லாமல், ரூனாவின் கதையை ஆரம்பித்துவிட்டாள். கடைசி அத்தியாயத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். பக்கத்துச் செடி நிரையில் சுருளியம்மாள் இருந்தாள். அவள் மகள் கற்பகம் ஐந்து வருஷத்துக்கு முன்னால் மலையிறங்கிப் போனவள். மகளுடைய போன் நம்பருக்கு இப்போது யாரோ ஓர் இந்திக்காரன் பதில் சொல்கிறான். சுருளியம்மாள் கூடையைக் கீழே வைத்து, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள். கேட்ட விதத்தில் ஆனந்திக்குப் பொய் வரவில்லை. சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வாயனசாலைப் படியை ஒருநாளும் மிதித்திராத சுருளியம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். தனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது என்றாள். படிக்காதவள் அபிப்பிராயம் செல்லுமா என்று ரத்தினசாமி கேட்க, சிஞ்சு யோசித்து, காதால் கேட்டதும் வாசிப்புதான் என்று தீர்ப்பு சொன்னாள். ஆனந்தி புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி குறுக்கே வந்தாள். இந்த ஒரு புத்தகத்தை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினாள். அவள் போனால்தான் அது கதை, இல்லாவிட்டால் வெறும் மீன் கொட்டகை என்றாள்.

சுருளியம்மாள் கோபப்படவில்லை. "ஒனக்கு அது கதை, தாயி. அந்தக் கரையில நிக்கிறவ நானு," என்றாள். பிறகு சிஞ்சுவைப் பார்த்துத் திரும்பி, கூலி கேட்கும் குரலில் சொன்னாள்: "அந்தப் புள்ள ஏதாவது ஒரு வீட்டுக்கு வந்து சேரணும். அவுக அம்மா வீடுன்னாலும் சரி, என் வீடுன்னாலும் சரி. அம்புட்டுத்தான்."

ஆனந்தி எட்டு மாதம் பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்தாள். "அப்ப என் அபிப்பிராயத்தையும் கேட்டுக்கங்க சேச்சி. அந்தப் படகு காலியாப் போகக்கூடாது. யாராவது ஏறித்தான் ஆகணும்." ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரே புத்தகத்துக்கு எதிரெதிராக இரண்டு அபிப்பிராயம் விழுந்தது அதுவே முதல் தடவை. புத்தகம் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியவில்லை. சிஞ்சு விளக்கை அணைத்து, சற்று வேகமாகவே பூட்டினாள்.

வியாழக்கிழமை காலை கம்பத்திலிருந்து ஆள் ஏற்றி வந்த ஜெகனின் ஜீப்பிலிருந்து, முழங்கால் வரை கம்பளிக் கோட்டு போட்ட ஒரு பெண் இறங்கினாள். வண்டியே மீன் வாடை அடித்தது என்று உடன் வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் பேசியது யாருக்கும் புரியவில்லை. ஆனால் தோட்டத்தில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் பேசுவதும் யாருக்கும் புரிவதில்லை. சூப்பர்வைசர் பெயர் கேட்டார், ரூனா என்றாள். அசாம் பக்கம் வைக்கிற பெயர்தான் என்று அவர் தலையாட்டி, தங்குவதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார். சுருளியம்மாள் ஏற்கெனவே அவளுடைய பையைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். அன்று மத்தியானம் ரூனா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதையும், கற்பகத்தின் பழைய பாவாடை அவளுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டதையும் லயத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

ஆனந்தியும் பார்த்தாள். ஏன் போனாய், பயமாக இல்லையா, எங்கே போனாய் என்று அவளிடம் கேட்க ஆயிரம் இருந்தது. ரூனாவோ ஊறுகாயை நக்கிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஆனந்தி வீட்டுக்குள் போய்க் கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். கரையில் தாய் நின்றாள். படகு நின்றது. ஏறுவதற்கு ஆள் இல்லை. மறுநாள் அத்தியாயத்தில் ஒரு பக்கம் கூடியிருந்தது. அதில் படகுக்காரன் சுருட்டுப் பற்றவைத்தான். அடுத்த நாள் இன்னொரு பக்கம்; அவன் வானத்தைப் பார்த்தான், கயிற்றை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். அந்தப் படகின் எஞ்சின் ஓடும் சத்தம் லயத்தின் கடைசி வீடு வரை கேட்டது. யார் வீட்டு மோட்டார் என்று மாரீஸ்வரி வந்து விசாரித்தாள். ஆனந்தியால் நிரையில்கூட உட்கார முடியவில்லை; எழுந்து எழுந்து நின்றாள், பழுக்காத பிஞ்சையெல்லாம் பறித்து ஏச்சு வாங்கினாள். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தது ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைத்து ஜெகன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான். தனக்கு ஒன்றுமில்லை என்றாள்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குச் சங்கு ஊதும் நேரத்தில், அவள் இல்லை. கட்டில்மேல் புத்தகம் விரிந்து கிடந்தது, போர்வையில் ஒரு கைப்பிடி கல்லுப்பு. ஜெகன் குமுளி வரை ஜீப்பை விரட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அந்தப் பக்கத்தைப் படித்தான். வெயில் தேசத்துப் பெண் ஒருத்தி, பச்சை ஸ்வெட்டர், ஏலக்காய்க் கறை பிடித்துக் கறுத்த விரல்கள், படகேறும் பலகையில் கால் வைக்கத் தயங்கி, பின் வைத்தாள் என்று இருந்தது. கரையில் நின்ற கிழவி, யாரென்று தெரியாமலே அவளுக்குக் கையசைத்தாள். தோட்டத்தில் ஆனந்தியின் நிரையை ரூனாவுக்குக் கொடுத்தார்கள். உப்புக் கொட்டகையில் பழகிய கை, வேகமாகவே எடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாயனசாலையில் நிற்க இடமில்லை. ஜெகன் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். என்ன சொல்வான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வார்த்தை போதும், வியாழக்கிழமைக்குள் தங்கச்சி வந்துவிடுவாள். கம்பத்துக்கும் சக்குபள்ளத்துக்கும் வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு வாரமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் ஸ்டியரிங்கிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுருளியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஜெகன் சேட்டா, அபிப்ராயம்?" என்று சிஞ்சு மெதுவாகக் கேட்டாள். அவன் கடைசிப் பக்கத்தை இன்னொரு தரம் விரித்தான். ஆனந்தி படகின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், எடுத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு," என்றான். "வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

அடுத்த வாரம் எழுத்து பெரிதாகியிருந்தது. புத்தகமும் நிற்கவில்லை, மாதத்துக்கு ஓர் அத்தியாயமாக வளர்ந்தது. ஆனந்தி ஒரு துறைமுகத்தில் வலை பின்னக் கற்றாள், சண்டை போட்டாள், இன்னொரு துறைமுகத்துக்குப் போனாள். லயத்தில் வாங்கி வாங்கிப் படித்தார்கள், ஆனால் அபிப்பிராயம் கேட்டால் அட்டையின் நிறம், அங்கே மீன் விலை என்று பேசிவிட்டு நழுவினார்கள். ஆனந்தியின் தலைவிதியில் கைவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ரூனா மழைக்காலம் முடிவதற்குள் தமிழ் பேசவும், தை பிறப்பதற்குள் வையவும், அதற்குப் பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கற்றுக்கொண்டாள். மாசி மாத அத்தியாயத்தில் கடல் உறைந்து, ஆனந்தி விறகில்லாத அறையில் காய்ச்சலோடு கிடப்பதாக வந்திருந்தது. ரூனா அதை இரண்டு வாரம் வைத்திருந்து படித்தாள். பிறகு சுருளியம்மாளோடு வாயனசாலைக்கு வந்து, மேசைமேல் புத்தகத்தை வைத்து, அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் தான் சொல்வதாகச் சொன்னாள்.

"குளிரு கொஞ்சம் ஓவராப் போட்டுருக்காக. எங்க ஊருல அம்புட்டெல்லாம் இருக்காது."

அந்த வருஷம் அங்கே பனி சீக்கிரமே உடைந்தது. ஆனந்தி எழுந்து, ஸ்வெட்டரைக் கழற்றி ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள்.