யாருக்கும் பிடிக்கிற நிறம்

என் வீட்டுக்காரர் கடை கடையாக ஏறி இறங்கிக் கிளிப்பச்சைச் சட்டை வாங்குகிறவர். பைக் சீட்டுக்கு ஆரஞ்சு நிறத்தில் உறை தைத்துத் தரச் சொல்லி என் உயிரை எடுத்தவர். அப்படிப்பட்ட மனுஷன், குளியலறையைப் புதுசாக்கும்போது சுவருக்கு மணல் நிறம், தரைக்குச் சாம்பல், வாஷ்பேசினுக்கு வெள்ளை என்று தேர்ந்தெடுத்தால் எனக்கு எப்படி நிம்மதி வரும்? கேட்டால், இப்போது இதுதான் ஃபேஷனாம். இவருக்கும் ஃபேஷனுக்கும் என்ன சம்பந்தம்!

தையல் மெஷினில் உட்கார்ந்தால் கால் ஓடவில்லை. எழுந்து போய் டைல்ஸ் பெட்டிகளைப் பார்ப்பேன், வருவேன், மறுபடியும் போவேன். முன்னறையில் மெஷின் போட்டு இந்தத் தெருவுக்கே துணி தைக்கிறவள் நான். நூல் நிறம் துளி மாறினாலும் கண்ணை உறுத்தும். இந்த மணல் நிறத்தில் என்னமோ உதைத்தது.

குளியலறையை வடிவமைக்கிற பெண் அளவு சரிபார்க்க வந்தாள். கண்ணாடியைச் சுற்றி ஒரே ஒரு வரிசை பச்சை டைல்ஸ் வைக்கலாமா என்று கேட்டேன். அவள் நெளிந்தாள்.

"உங்களுக்குப் பிடிக்கும் அக்கா. வீட்டை வாங்க வர்றவங்களுக்கும் பிடிக்கணுமே. சார் முதல்லயே அதைத்தானே சொன்னாரு?"

எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டாள், பாவம். என் முகத்தைப் பார்த்ததும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவரைப் பிடித்தேன். மென்று முழுங்கினார். ஓய்வு பெற்றாயிற்றாம், தம்பி வீட்டுப் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறாராம், குளியலறை பளிச்சென்று இருந்தால் இந்த வீடு சட்டென்று விலைபோகுமாம். என் மெஷினும் வாசலில் வந்து நிற்கிற என் வாடிக்கைக்காரர்களும் என்ன ஆவது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது.

"உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? சாமான் ஏத்த லாரி வந்து நின்னதும் சொல்லலாம்னா?"

வேண்டுமானால் அந்த ஒரு வரிசை பச்சையைப் போட்டுக்கொள் என்றார், அழுகிற குழந்தைக்கு மிட்டாய் காட்டுகிற மாதிரி.

டைல்ஸ் ஒட்டுகிறவர் உள்ளே பசை குழைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன். மணல் நிறத்தைக் கடைக்கே திருப்பிவிடுங்கள், நாலு சுவருக்கும் தரையிலிருந்து கூரை வரைக்கும் பச்சை என்றேன். பச்சையில் எத்தனையோ இருக்கிறதே, எது என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துக் காட்டினேன்.

"இதே பச்சை. எவன் வாங்குறான்னு பார்ப்போம்."