புல்லுக்கு அடியில்

மழை விட்டு வெகுநேரமாகியும் வீட்டுப் பின்புறத்தில் தண்ணீர் வடியாது. அத்தனையும் களிமண். தையல்காரரின் மனைவி அங்கேதான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவள் தடியூன்றி நடமாடத் தொடங்கியதும், தையல்காரர் அவளுக்குத் தெரியாமல் செயற்கைப் புல் வாங்கிவந்து அந்த இடம் முழுக்க விரித்தார். பார்க்கப் பச்சைப்பசேலென்று இருந்தது.

அடுத்த மழையிலேயே குட்டு வெளிப்பட்டது. காலை வைத்த இடமெல்லாம் அடியிலிருந்து சேற்றுநீர் பீறிட்டது. தையல்காரருக்கு முகம் தொங்கிவிட்டது.

"சேத்துக்குச் சட்டை தச்சுப் போட்டிருக்கீங்க!" என்று மனைவி சிரித்தாள். "தண்ணி போக வழி வேணாமா?"

"நீ மறுபடி விழுந்துடக் கூடாதேன்னுதான்..." என்றார் அவர்.

"அது தெரியாதா எனக்கு? என் தம்பியக் கூப்பிடுங்க, இந்தப் புல்ல உரிச்சுப் போடுவோம்."

அவள் வாசற்படியில் நின்று மேடுபள்ளம் சொல்லச் சொல்ல, அவரும் மைத்துனனும் களிமண்ணை வெட்டியெடுத்தார்கள். தெரு வடிகால்வரை துளைபோட்ட குழாயைப் பதித்து, மேலே சரளைக்கல்லைச் சாய்வாக நிரப்பி, புல்லை மறுபடி விரித்தார்கள்.

மறுபடியும் மழை கொட்டி ஓய்ந்தது. தையல்காரர் கைத்தாங்கலுக்கு ஓடிவந்தார். அவள் அவரை விலக்கிவிட்டுக் கடைக்கோடி மதில்வரை தனியாக நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் மரம்மாதிரி நிக்கிறீங்க? ரெண்டு நாற்காலி கொண்டாங்க. இங்கயே டீ குடிக்கலாம்."